அரபு மாணவர்களும் ஆங்கிலச் சொல்லழுத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓமானில் ஒரு கல்லூரியில், பட்டப்படிப்புக்கு முந்தைய அடிப்படை ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். வளைகுடாவுக்குப் புதிதாக வேலைக்கு வரும் தமிழ் ஆசிரியர்கள் முதல் மாதத்திலேயே வந்து கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. இலக்கணம், சொல்வளம் எல்லாம் சமாளித்துவிடுகிறார்கள். மாணவர்கள் வாயைத் திறந்ததும் அழுத்தம் விழும் இடம்தான் அவர்களைத் திகைக்க வைக்கிறது. அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ˈ என்ற குறி போட்டிருக்கிறேன். அசை என்று நான் சொல்வது பேச்சின் அசை. உயிர் ஒன்றுக்கு ஓர் அசை என்று கணக்கு. யாப்பில் இரண்டு குறிலைச் சேர்த்து நிரை என்போமே, அந்தக் கணக்கு இங்கே வேண்டாம்.

அழுத்தம் அழுத்தம்னு சொல்றீங்களே, அந்த அசையைச் சத்தமா சொல்றதுதானா?

சத்தம் அதில் ஒரு பங்குதான். ஆங்கிலத்தில் அழுத்தம் பெறும் அசை கொஞ்சம் நீளும், குரல் அங்கே ஏறி இறங்கும், அதன் உயிர் தெளிவாக ஒலிக்கும். மற்ற அசைகள் சுருங்கி மங்கிப்போகும். பனானா என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் a என்ற ஒரே எழுத்து மூன்று முறை வருகிறது. ஆனால் ஆங்கிலேயர் வாயில் நடுவில் உள்ளது மட்டும்தான் முழு உயிர்: ப-ˈநா-ந. முதலும் கடைசியும் வந்ததே தெரியாமல் போய்விடும்.

தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அதனால் நாம் இதைக் கவனித்துப் பழகவில்லை. அரபு மாணவரின் நிலை வேறு. அவர் மொழியில் அழுத்தம் நன்றாகவே கேட்கும்.

அப்போ அரபியில் அழுத்தம் உண்டா? மாணவர்களைக் கேட்டா அப்படி ஒன்னு இல்லைங்கிறாங்க.

உண்டு. ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமாக இல்லை. அதனால்தான் அவர்களுக்கு இல்லாதது போலத் தோன்றுகிறது. சொல்லின் வடிவத்தைப் பார்த்தாலே அழுத்தம் எங்கே என்று சொல்லிவிடலாம். குறில், நெடில், ஒற்று தெரிந்த நமக்கு இது புரிவது சுலபம். கடைசி அசையில் நெடிலும் ஒற்றும் சேர்ந்து வந்தாலோ, குறிலுக்குப் பின் இரண்டு ஒற்று வந்தாலோ அழுத்தம் அங்கேதான்: கி-ˈதாப் (நூல்), க-ˈதப்த் (எழுதினேன்). அப்படி இல்லையென்றால் ஈற்றயல் அசையை, அதாவது கடைசிக்கு முந்தைய அசையைப் பாருங்கள். அதில் நெடிலோ, குறிலோடு ஒற்றோ இருந்தால் அங்கே: மு-ˈதர்-ரிஸ் (ஆசிரியர்). அதுவும் வெறும் குறிலாக இருந்தால் அழுத்தம் அதற்கும் முந்தைய அசைக்குப் போகும்: ˈக-த-ப (எழுதினான்). நாட்டுக்கு நாடு சில வேறுபாடுகள் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். அடிப்படை இதுதான்.

8-ஆம் நூற்றாண்டில் பாஸ்ராவில் இருந்த இலக்கண அறிஞர் சீபவைஹி, ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று அத்தனை நுணுக்கமாக எழுதியவர். சொல்லழுத்தத்துக்கு அவரோ அவருக்குப் பின் வந்த மரபிலக்கணக்காரர்களோ விதி வகுக்கவில்லை. பொருளை மாற்றாத, தானாக வந்துவிடுகிற ஒன்றுக்கு விதி தேவைப்பட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் மாணவரும் அதே எதிர்பார்ப்போடு ஆங்கிலத்துக்கு வருகிறார். சொல்லைப் பார்த்தால் அழுத்தம் தெரிந்துவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

டெலிஃபோன், இன்ஸ்டிடியூட் எல்லாத்துலயும் ஏன் கடைசியில போய் இடிக்கிறாங்க?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஒரு மாணவர் இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "ஐ வான்ட் டு கிராஜு-ˈவேட் ஃப்ரம் திஸ் இன்ஸ்டி-ˈடியூட், பட் இட் இஸ் டிஃபி-ˈகல்ட்." கேட்கும் ஆசிரியர் மூன்று பிழை என்று குறித்துக்கொள்வார். உண்மையில் நடந்தது ஒன்றுதான். 'வேட்', 'டியூட்' இரண்டும் நெடிலோடு ஒற்று. 'கல்ட்' குறிலோடு இரண்டு ஒற்று. மேலே சொன்ன முதல் விதியை மாணவர் மூன்று இடத்திலும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் அழுத்தம் முதல் அசையில்: ˈகிராஜுவேட், ˈஇன்ஸ்டிடியூட், ˈடிஃபிகல்ட்.

இந்த ஒரு விஷயம் பிடிபட்டால், எந்தச் சொல் சறுக்கும் என்று வகுப்புக்குப் போகும் முன்பே சொல்லிவிடலாம். ˈகான்சன்ட்ரேட், கம்-ˈயூனிகேட், ˈஎஜுகேட், ˈஆர்கனைஸ், ˈஆட்டிடியூட், ˈஏரோப்ளேன் எல்லாம் நெடிலோடு ஒற்றில் முடிபவை. ˈகான்ஃபிடென்ட், ˈஎக்ஸலென்ட், ˈபிரேக்ஃபாஸ்ட் போன்றவை இரண்டு ஒற்றில் முடிபவை. எல்லாவற்றிலும் அழுத்தம் கடைசிக்கு ஓடும். டெலிஃபோனையும் டெலிவிஷனையும் அரபி கடன் வாங்கியபோதே தி-லி-ˈஃபோன், தி-லி-ஃபிஸ்-ˈயோன் என்று மாற்றிக்கொண்டது. சின்ன வயதிலிருந்து வீட்டில் சொல்லிப் பழகிய சொல்லை வகுப்பறையில் மாற்றச் சொல்கிறோம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அக்கறை இல்லாமல் பேசுகிறார், மந்தமாக இருக்கிறார் என்று இவர்களைப் பற்றிச் சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரு விதியை இவ்வளவு துல்லியமாகப் பின்பற்றுகிறவரை மந்தம் என்று எப்படிச் சொல்வது?

அப்படின்னா எல்லாச் சொல்லும் தப்பாத்தான் வருமா?

இல்லை. ஏராளமான சொற்கள் உழைப்பே இல்லாமல் சரியாக வரும். அ-ˈஜென்-டா, ட-ˈமா-டோ, டி-ˈசெம்-பர் மூன்றும் முதர்ரிஸ் மாதிரி. ˈசி-னி-மா, ˈகே-ம-ரா இரண்டும் கதப மாதிரி. மெ-ˈஷீன், கான்-ˈடீன், எஞ்சி-ˈனீர், ஜப்பா-ˈனீஸ் இவையெல்லாம் கிதாப் மாதிரி.

இது தற்செயல் மட்டுமல்ல. லத்தீன் மொழியிலும் ஈற்றயல் அசை நெடிலோ ஒற்றோ பெற்றுக் கனமாக இருந்தால் அழுத்தம் அங்கே, லேசாக இருந்தால் அதற்கு முந்தைய அசையில் என்ற விதி இருந்தது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொற்கள் பலவற்றில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. முதல் வகுப்பை இந்தச் சொற்களோடு தொடங்குங்கள். தங்கள் காதை நம்பலாம் என்ற தைரியம் அவர்களுக்கு வரும்.

எகிப்து பையன் ஒரு மாதிரி சொல்றான், சிரியா பையன் வேற மாதிரி சொல்றான். யாருடையது சரியான அரபு அழுத்தம்?

இரண்டுமே சரி. பள்ளி என்பதைக் கெய்ரோக்காரர் மத்-ˈர-ஸ என்பார். டமாஸ்கஸ், பெய்ரூட் பக்கம் ˈமத்-ர-ஸ. நான் முன்பு சொன்ன விதியின் மூன்றாம் பகுதியில்தான் இந்த வேறுபாடு வருகிறது. மொராக்கோவில் நிலைமை இன்னும் வேறு. குறில்களையே விழுங்கிவிடுவார்கள். கிதாப் அங்கே க்தாப். எனவே 'அரபு மாணவர்' என்று பொதுவாகப் பேசாமல், எந்த ஊர் என்று கேட்டுவிட்டுப் பாடம் திட்டமிடுவது நல்லது.

ஊர் வேறுபாடு இன்னொரு விதத்திலும் அழுத்தத்தைத் தொடும். மெய் மூன்று அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஓர் இகரத்தை நுழைப்பது பலருக்கும் பழக்கம். எகிப்தியர் இரண்டாம் மெய்யை அடுத்து நுழைப்பார், ஈராக்கியர் முதல் மெய்யை அடுத்து. சில்ட்ரன் என்ற சொல் எகிப்தியர் வாயில் சில்-டி-ரன், ஈராக்கியர் வாயில் சி-லிட்-ரன். இரண்டு அசைச் சொல் மூன்று அசையாகிவிட்டது. கெய்ரோ பேச்சில் இப்படி நுழையும் உயிரே அழுத்தத்தையும் வாங்கிக்கொள்ளும். எங்கள் மகள் என்பதற்கு அவர்கள் சொல்லும் பின்-ˈதி-நா என்ற சொல்லில் அழுத்தம் பெறும் இகரம் அப்படி நுழைந்ததுதான். ஆகவே எகிப்திய மாணவரிடம் முதலில் மெய்க்கூட்டைச் சரிசெய்யுங்கள். அசை எண்ணிக்கை தவறாக இருக்கும்போது அழுத்தத்தைத் திருத்தி ஒரு பயனும் இல்லை.

ரெக்கார்ட் பெயர்ச்சொல்லா வந்தா ஒரு அழுத்தம், வினையா வந்தா இன்னொன்னு. இதை அவங்க நம்பவே மாட்டேங்கறாங்களே?

ˈரெ-கார்ட் என்றால் பதிவு. ரி-ˈகார்ட் என்றால் பதிவு செய். ˈபெர்-மிட், பெர்-ˈமிட் அப்படியே. அழுத்தத்தை மட்டும் நகர்த்திப் பெயரை வினையாக்குவது அரபு மாணவருக்குப் பழக்கமில்லாத சங்கதி. ஆனால் உயிர்களை மாற்றிப் பெயரையும் வினையையும் பிரிப்பது அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கதப எழுதினான், காதிப் எழுதுபவன், கிதாப் நூல், மக்தூப் எழுதப்பட்டது. மெய் மூன்றும் அப்படியே நிற்க, உயிர் மாறுகிறது. ரெக்கார்டிலும் 'ரெ' என்பது 'ரி' ஆகிறதைக் காட்டுங்கள். அழுத்தம் என்று சொன்னபோது நம்பாதவர்கள், உயிர் மாறுகிறது என்றதும் தலையாட்டுவார்கள்.

ஆனால் இந்த ஜோடிகளோடு பாடத்தைத் தொடங்காதீர்கள். விசிட், ஆன்சர், ரிப்போர்ட், கன்ட்ரோல் எல்லாம் பெயரானாலும் வினையானாலும் ஒரே அழுத்தம்தான். ஜோடிகளை முதலில் கற்றவர்கள் இவற்றையும் பிரிக்கப் பார்ப்பார்கள்.

அழுத்தம் இல்லாத அசையையும் முழுசா உச்சரிக்கிறாங்க. இது அழுத்தப் பிரச்சினையா, வேற பிரச்சினையா?

அழுத்தப் பிரச்சினையின் மறுபாதி இது. முதல் கேள்வியில் பனானாவைப் பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள். அரபியில் அழுத்தம் இல்லாத உயிர், ஆங்கிலத்தில் மங்குகிற அளவுக்கு மங்குவதில்லை. எழுத்துமுறையும் சேர்ந்துகொள்கிறது. சாதாரண அரபு எழுத்தில் குறில்களை எழுதுவதில்லை. எழுதியிருக்கும் உயிர் என்றால் அது நெடில். அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலப் பக்கத்தைப் பார்ப்பவர், அங்கே அச்சாகியிருக்கும் ஒவ்வோர் உயிருக்கும் முழு மரியாதை கொடுக்கிறார். கம்ஃபர்டபிள் என்பதை நான்கு அசையாக்கி 'தே' என்ற மூன்றாம் அசையில் அழுத்துகிறார்: கம்-ஃபர்-ˈதே-பில். ஆங்கிலேயர் சொல்வது ˈகம்ஃப்-ட-பிள், மூன்றே அசை.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. என்னால் முடியும் என்று சொல்ல வருகிற மாணவர் 'ஐ ˈகேன் கோ' என்று கேனை முழுதாக அழுத்திவிட்டால், அமெரிக்கக் காதுக்கு அது முடியாது என்று விழலாம். அமெரிக்க உச்சரிப்பில் முடியும் என்னும்போது கேன் மங்கிப்போய் 'க்கன்' ஆகி, அழுத்தம் 'கோ'வுக்குப் போகும். முடியாது என்று 'கேன்ட்' சொல்லும்போதுதான் அந்த இடம் அழுத்தம் பெறும், கடைசி டகரம் பாதி காதில் விழாது. வேலைக்கான நேர்காணலில் முடியுமா முடியாதா என்பது தலைகீழாகப் போகக்கூடிய இடம் இது. நான் இதற்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குகிறேன்.

இரட்டை மெய்யெழுத்து வந்தா அங்கே ஏன் நிறுத்தி அழுத்துறாங்க?

அரபியில் மெய் இரட்டித்தால் பொருள் மாறும். தரஸ என்றால் படித்தான், தர்ரஸ என்றால் படிப்பித்தான். இரட்டித்த மெய் அசையைக் கனமாக்கும், கனமான அசை அழுத்தத்தை இழுக்கும். முதர்ரிஸில் பார்த்தோம். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்து பெரும்பாலும் எழுத்தளவில்தான். காமன், ஹேப்பி, காலேஜ் எதிலும் மெய் ஒருமுறைதான் ஒலிக்கும்.

படு, பட்டு என்று பிரித்துப் பேசும் நமக்கும் இதே வழுக்கல் உண்டு. ஹேப்பி என்பதை நாமே எப்படிச் சொல்கிறோம் என்று பதிவு செய்து கேட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள்.

நான் இங்கிலிஷ் டீச்சர்னு சொன்னா, 'நீங்க இந்தியர்தானே'ங்கறாங்க. எங்கே தப்பு?

நீங்கள் அழுத்திய இடத்தில். ˈஇங்கிலிஷ் டீச்சர் என்றால் ஆங்கிலப் பாடம் நடத்துபவர். இங்கிலிஷ் ˈடீச்சர் என்றால் இங்கிலாந்துக்காரரான ஆசிரியர். ஆங்கிலத்தில் தொகைச்சொல்லுக்குப் பெரும்பாலும் முதல் உறுப்பில் அழுத்தம்: ˈபுக்ஷாப், ˈபஸ் ஸ்டாப், ˈகிரீன்ஹவுஸ். பச்சை நிற வீடு என்றால் மட்டும் கிரீன் ˈஹவுஸ்.

அரபியில் இரண்டு பெயர்கள் சேர்ந்தால் உடையவரைக் குறிக்கும் பெயர் பின்னால் வரும். மாணவனின் வீடு என்பதை 'பைத்துத் தாலிப்' என்பார்கள், வீடு முன்னால், மாணவன் பின்னால். எடுப்பு பின்னதன்மேல் விழுவதே இயல்பு. அதே ஓசையை ஆங்கிலத்துக்கும் கொண்டுவருகிறார்கள்.

வாக்கியத்துல எந்தச் சொல்லைத் தூக்கிச் சொல்லணும்னு எப்படிப் புரிய வைக்கிறது?

"முரளிதான் எடுத்தான்", "முரளி இதைத்தான் எடுத்தான்" என்று நாம் 'தான்' போட்டுக் காட்டுகிறோம். அரபியும் இதற்குச் சொல்வரிசையையும் இடைச்சொற்களையும் நம்புகிறது. 'அனல்லதீ குல்து' என்றால் சொன்னது நான்தான். ஆங்கிலத்தில் சொற்கள் இருந்த இடத்திலேயே இருக்க, குரல் மட்டும் எழும். அரபியில் எங்கே இந்த மாதிரி அமைப்பு வருமோ, ஆங்கிலத்தில் அங்கே குரலை எழுப்பச் சொன்னால் வேலை முடிந்தது. இதில் அரபு மாணவர்கள் சீக்கிரமே தேறிவிடுவார்கள்.

குர்ஆன் ஓதப் பயின்றவங்களுக்கு இது சுலபமா வருமா?

ஒரு பக்கம் ஆம். குர்ஆனைத் திருத்தமாக ஓதும் முறையான தஜ்வீத் பயின்றவர்களுக்கு உயிரின் நீளத்தை அளக்கும் காது இருக்கும். இயல்பான நெடில் இரண்டு மாத்திரை, சில இடங்களில் ஆறு மாத்திரை என்று எண்ணி ஓதிப் பழகியவர்கள். அழுத்தம் என்று புரியாத மாணவரிடம் "இந்த அசைக்கு இரண்டு எண்ணிக்கை கொடு, மற்றதற்கு அரை" என்று சொல்லிப் பாருங்கள், பிடித்துக்கொள்வார்.

மறுபக்கம், ஒவ்வோர் எழுத்துக்கும் உரியதைக் குறைவில்லாமல் கொடு என்பதுதான் அந்தப் பயிற்சியின் உயிர்நாடி. ஆங்கிலமோ பாதி உயிர்களை விழுங்கச் சொல்கிறது. அது ஓதலுக்கு, இது ஆங்கிலத்துக்கு என்று தனித்தனியாக வைத்து, ஓதும் முறையைக் குறை சொல்லாமல் பேசினால் சங்கடம் வராது.

நமக்கே ஆங்கில அழுத்தம் சரியா வராது. நாம எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?

அகராதியைத் திறந்து. நம்மில் பலர் அழுத்தக் குறியைப் பார்த்ததே இல்லை, பொருளைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். இன்றைய இணைய அகராதிகளில் ஒலியையே கேட்கலாம். மறுநாள் பாடத்தில் வரும் பல அசைச் சொற்களை முதல் நாள் இரவே கேட்டுவிடுங்கள். நமக்கு ஒரு வசதியும் உண்டு. குறில், நெடில், ஒற்று என்று பார்க்கத் தெரிந்ததால், தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் ஆசிரியருக்குப் பிடிபடாத அரபு விதி நமக்கு ஒரே மூச்சில் புரிந்துவிடும்.

எந்த வரிசையில் நடத்தலாம்?

சரியாக வரும் சொற்கள் முதலில். அப்புறம் 'ஏட்'டில் முடியும் வினைகள். விதி ஒன்று, அகப்படும் சொற்கள் நூற்றுக்கணக்கில்: மூன்று அசையோ அதற்கு மேலோ இருந்தால், கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம். அதன்பின் 'ஷன்', 'இக்', 'இட்டி' விகுதிகள். 'ஷன்', 'இக்' இரண்டுக்கும் முந்தைய அசையில் அழுத்தம்: எஜு-ˈகே-ஷன், எக-ˈநா-மிக். 'இட்டி'க்கும் அப்படியே: எலெக்-ˈட்ரி-சிட்டி. ˈஃபோட்டோகிராஃப், ஃபொ-ˈடாகிராஃபர், ஃபோட்டோ-ˈகிராஃபிக் என்ற குடும்பத்தை இங்கே வைத்தால் விகுதிதான் அழுத்தத்தை இழுக்கிறது என்று தெளிவாகும். மங்கும் உயிர், கேன் எல்லாம் அடுத்து. ரெக்கார்ட் ஜோடிகள் கடைசியில் போதும்.

பேசினா புரியுது இல்ல, அது போதாதா? எதுக்கு இவ்வளவு பாடு?

நியாயமான கேள்வி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது எது அவசியம் என்று ஆராய்ந்த ஜென்னிஃபர் ஜென்கின்ஸ், 2000-இல் வெளியிட்ட அத்தியாவசியப் பட்டியலில் சொல்லழுத்தத்தைச் சேர்க்கவில்லை. வாக்கியத்தில் எந்தச் சொல்லைத் தூக்குவது என்பதைச் சேர்த்தார். மஸ்கட் அலுவலகத்தில் ஓமானியரும் தமிழரும் பிலிப்பினோவும் பேசிக்கொள்வதைக் கேட்டால் அவர் சொன்னதில் உண்மை இருப்பது தெரியும்.

ஆனாலும் நான் நடத்துவதை நிறுத்தவில்லை. ஐஈஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் மதிப்பெண்ணில் கால் பங்கு உச்சரிப்புக்கு. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2008 முதல் விமானிகளிடமும் கட்டுப்பாட்டாளர்களிடமும் எதிர்பார்க்கும் ஆங்கிலத் திறனின் நான்காம் நிலையில், அழுத்தமும் தாளமும் தாய்மொழிச் சாயலோடு இருக்கலாம், சில நேரங்களில் மட்டுமே புரிதலுக்கு இடையூறாகலாம் என்று வரையறுத்திருக்கிறது. மாணவர் எதற்காகப் படிக்கிறார் என்று கேட்டுவிட்டு, எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்.

தர்ட்டீன்ல ஒரு நாள் கடைசியில அழுத்துறாங்க, இன்னொரு நாள் முதல்ல. எதைச் சொல்லிக் கொடுக்க?

இரண்டையும். தனியாகச் சொன்னால் தர்-ˈடீன். பின்னால் அழுத்தமான சொல் வந்தால் முன்னுக்கு நகரும்: ˈதர்டீன் ˈஸ்டூடண்ட்ஸ். வரிசையாக எண்ணும்போதும் முன்னால்தான். தனியாகச் சொல்வதில் அரபு மாணவர் தவறவே மாட்டார், நெடிலோடு ஒற்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடும். கேட்பதில்தான் தடுமாற்றம். அழுத்தம் முன்னால் நகர்ந்துவிட்டால் பதின்மூன்றையும் முப்பதையும் பிரிப்பதற்கு மிஞ்சுவது கடைசி னகரம்தான். காதைப் பழக்க எண்களை வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லி எழுத வையுங்கள். மருந்தளவோ பணமோ என்றால், ஒன்று மூன்று என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யப் பழக்குங்கள்.